வீட்ல தெரிஞ்சா போதும்

திருச்சி சாலை ரோட்டில் நேராக நிற்கும் உயரக் கட்டடத்தைக் காண்பதே அரிது. ஒன்று தோளைச் சாய்த்திருக்கும். ஒன்றுக்கு இடுப்பில் வெட்டு விழுந்திருக்கும். இன்னொன்று பாதி உயரத்துக்கு மேல் திடீரென்று ஒல்லியாகிவிடும். வெளியூர்க்காரர்கள் இதைப் புதுப்பாணிக் கட்டடக்கலை என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு ஒவ்வொரு சாய்வுக்கும் காரணமான வீடு எது என்று தெரியும்.

பழைய வீடுகளுக்கும் திருச்சி நகரத்துக்கும் இடையே ஓர் உடன்பாடு உண்டு. வீட்டுக்காரர் வீட்டை இடிக்கக் கூடாது, மேலே மாடி எழுப்பக் கூடாது, ஜன்னல் கம்பியைக்கூட மாற்றக் கூடாது. பதிலுக்கு, அந்த வீட்டிலிருந்து மலைக்கோட்டைக்குப் போகும் பார்வைக் கோட்டில் யாரும் எதையும் எழுப்பக் கூடாது. உறையூரிலிருந்தும் தென்னூரிலிருந்தும் கிளம்பிய கோடுகள் எல்லாம் மலை உச்சியில் போய்க் கூடின. கட்டடங்கள் அந்தக் கோடுகளுக்கு நடுவே உடம்பை நெளித்துக்கொண்டு வளர்ந்தன. நான் காட்சி அலுவலர். கோடு முறிந்தது என்று புகார் வந்தால், புகார் கொடுத்தவர் வீட்டிலேயே உட்கார்ந்து விசாரிக்க வேண்டும். எங்கே நின்று பார்க்கிறார்களோ அங்கேதான் விசாரணை என்பது சட்டம்.

எனக்கு இந்த வேலை பிடிக்கும். பெரும்பாலான நேரம் பேச வேண்டியதில்லை. ஒரு ஜன்னலுக்கு முன் நின்று தூரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பக்கத்தில் நிற்பவரும் கொஞ்ச நேரத்தில் பேச்சை நிறுத்திவிடுவார்.

ஹேமப்பிரியா அம்மாள் அந்த ரகம் அல்ல.

உறையூரில் அவருடைய வீட்டு மாடி ஏறியபோது அவர் கைபேசியில் யாரையோ விளாசிக்கொண்டிருந்தார். "லாரி தானாத்தான் ஓடுது, அது எனக்கும் தெரியும். தானா ஓடி ஏன்டா நாமக்கல்லுக்குப் போச்சு? கரூர் சரக்கை ஏத்திக்கிட்டு அதுக்கு என்ன நாமக்கல்ல வேலை? திருப்பு!" பிறகு என்னைப் பார்த்து, "வாங்க சார், உக்காருங்க. இந்த லாரிங்களுக்கு மூளை வெச்சாலும் வெச்சான்" என்றார். பாலக்கரையில் பார்சல் சர்வீஸ் நடத்துகிறவர். அறுபதைத் தொட்ட வயது. கணவர் ரஞ்சித்குமார் போன ஆடியில் இறந்துபோனார்.

அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கட்டுமான நிறுவனத்தின் வழக்கறிஞர் ஆதிரன். சின்ன வயது, இஸ்திரி கலையாத சட்டை. மற்றவள் மகிழினி, ஹேமா அம்மாளின் அலுவலகத்தில் புக்கிங் பார்ப்பவள். அவள் ஏன் வந்திருக்கிறாள் என்று கேட்டேன்.

"நான் அந்தக் கட்டடத்துலதான் சார் குடியிருக்கேன்" என்று கிழக்கு ஜன்னலுக்கு வெளியே கைகாட்டினாள். "பதினாலாவது மாடி. சுவருக்குப் பின்னாடி."

ஜன்னலுக்கு வெளியே தென்னந்தலைகள், கூரைகள், அதற்கப்பால் சாலை ரோட்டின் நெளிந்த கட்டடங்கள். அவற்றின் நடுவே நெளியாமல் அகலமாக ஒன்று. அதன் நடுப்பகுதி முழுக்கச் சாம்பல் நிறத்தில் செத்துப்போன திரைபோல இருந்தது. மலைக்கோட்டை இருக்க வேண்டிய இடத்தில் அதுதான் இருந்தது.

"இதுதான் தெரிசுவர்" என்று ஆதிரன் ஆரம்பித்தார். "கட்டடத்துக்கு அந்தப் பக்கம் கேமரா இருக்கு. மலையை அது பாக்குது. இந்தப் பக்கச் சுவர் அதை அப்படியே வரைஞ்சு காட்டுது. கட்டடம் நடுவுல இருந்தும் இல்லாத மாதிரி. கோடு முறியல."

"அப்படியேன்னு சொல்லாதீங்க தம்பி" என்றார் ஹேமா அம்மாள். "யாருக்கு அப்படியே?"

ஆதிரன் என் பக்கம் திரும்பினார். "ஒரு வீட்டுக்கு ஒரு ஆளுக்குத்தான் சார் வரைய முடியும். அவங்க ரெண்டு கண்ணும் எங்க இருக்குன்னு சுவர் தேடிக்கிட்டே இருக்கும். அவங்க தலையைச் சாய்ச்சா மலையும் அதுக்கேத்தாப்புல நகரணும். இல்லாட்டிப் படம் ஒட்டின மாதிரி ஆயிடும். பக்கத்துல நிக்கறவங்களுக்குக் கொஞ்சம் கோணலாத்தான் இருக்கும்."

"கொஞ்சமா? எங்க அவரு இருந்தப்ப, அவரு பாக்கறப்ப எனக்கு உச்சிப் பிள்ளையார் கோயில் வந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு மேல தொங்கும்."

மகிழினி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"சிரி, பரவால்ல. அவரு கண்ணைத்தான் பதிவு பண்ணியிருந்தாங்க சார். அவரு நாற்காலில உக்காந்து முழு மலையைப் பாப்பாரு. நான் பக்கத்துல உடைஞ்ச மலையைப் பாப்பேன். ஒருநாள் சண்டையாயிடுச்சு. மறுநாள்லேருந்து என்ன பண்ணாரு தெரியுமா? நான் காபியோட வந்து நின்னா, எந்திரிச்சு வந்து எனக்குப் பின்னாடி நிப்பாரு. தாடையை என் தோள்ல வெச்சு, கன்னத்தோட கன்னம். அவர் கண்ணு என் கண்ணுக்குப் பக்கத்துல இருந்தா எனக்கும் மலை ஓரளவு நேரா வரும். கல்யாணமான புதுசுலகூட அந்த மனுஷன் அவ்வளவு கிட்ட வந்ததில்ல."

ஆதிரன் தன் கோப்பைத் திறந்தார்.

அவருடைய நிலை இதுதான். பதிவான கண் இறந்துபோனது, சுவர் வரைவதை நிறுத்திவிட்டது. நிறுவனம் மலையை மறைக்க நினைக்கவில்லை. அந்த வீட்டுக்குள் நிலையாக ஓர் இடத்தை, ஒரு நாற்காலியை, பதிவு செய்துகொள்ளலாம். அங்கே யார் உட்கார்ந்தாலும் மலை தெரியும். யார் இருந்தாலும் போனாலும் இனி அந்த இடத்துக்கு மலை இருந்துகொண்டே இருக்கும்.

"நிரந்தரம் மேடம். இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது."

"நாற்காலிக்கு எதுக்கு மலை?" என்றார் ஹேமா அம்மாள்.

மகிழினி மெல்ல வாயைத் திறந்தாள். "நாற்காலின்னு ஆயிட்டா எங்களுக்கு ஜன்னல் இல்ல சார். வீட்ல மேற்கு பக்கம் பெரிய ஜன்னல் இருக்கு. ஆனா வெளிய அந்தச் சுவர்ப் பலகை ஒட்டி நிக்குது. கதவு மாதிரி திறக்குற பலகைதான். திறந்தா மலையில ஓட்டை விழும்னு பூட்டி வெச்சிருக்காங்க. பகல்லயும் லைட்டு. பலகை சூடு வேற உள்ள இறங்கும். விலை கொறைச்சலா இருந்துச்சு, வாங்கிட்டோம். ரஞ்சித்குமார் சார் இறந்தப்புறம் சுவரு அணைஞ்சு கெடக்கு, அப்பவாவது திறந்து விடுவாங்கன்னு பாத்தோம். கேசு முடியட்டும்னுட்டாங்க."

நான் அவளைப் பார்த்தேன். பிறகு அந்தச் சாம்பல் பரப்பைப் பார்த்தேன். அதற்குப் பின்னால் மனிதர்கள் சமைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. தெரிசுவர்களை நான்தான் அளந்து சரிபார்க்கிறேன். மலை சரியாக வருகிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

"ஒப்புதலைக் கேட்கலாம்" என்றேன்.

பார்வைக் கோட்டில் தெரிசுவர்க் கட்டடம் எழுப்ப வேண்டுமானால் பழைய வீட்டுக்காரரின் ஒப்புதல் வேண்டும். அது குரலில் பதிவாகும். அவர் எந்தச் சொல்லில் ஒப்புக்கொண்டாரோ அந்தச் சொல்தான் சட்டம். ஒப்புதலே இல்லையென்று ஆகிவிட்டால் சுவருக்குப் பின்னால் உள்ள மாடிகளும் சட்டப்படி இல்லை. இறக்கிவிட வேண்டியதுதான். தென்னூர்க் கோட்டில் அப்படி ஒரு கட்டடத்தை இடுப்போடு அறுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

பதிவை ஓடவிட்டேன். முதலில் பதிவு இயந்திரத்தின் கேள்வி. "சாலை ரோட்டில் எழும் கட்டடம் தங்கள் வீட்டின் பார்வைக் கோட்டில் வருகிறது. தெரிசுவர் மூலம் மலைக்கோட்டை தொடர்ந்து தெரியும்படி செய்யப்படும். தங்களுக்கு ஒப்புதலா?"

நீண்ட மௌனம். மின்விசிறிச் சத்தம். தொண்டைக்குள் ஒரு சின்னச் சத்தம், இருமலோ சிரிப்போ. பிறகு ரஞ்சித்குமாரின் குரல்: "வீட்ல தெரிஞ்சா போதும்."

"ஒப்புதல் பதிவு செய்யப்பட்டது. நன்றி." அந்த நன்றிக்கு அடியில் அவர் மூச்சு இழுப்பது கேட்டது. பதிவு அதோடு அறுந்தது.

ஆதிரன் கைகளை விரித்தார். "தெளிவா இருக்கு சார். வீட்ல. அதாவது வீட்டுக்குள்ள. இடம்தான் சொல்லியிருக்காரு, ஆளைச் சொல்லல. நாங்க குடுக்கறேன்னு சொல்றதும் வீட்டுக்குள்ள ஒரு இடம்தான்."

ஹேமா அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு மேடம். அதுக்கும் இதுக்கும்…"

"நீங்க வந்தவுடனே மாடிப்படில நின்னு போன்ல பேசினீங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு வரமுடியுமான்னு தெரியல, வீட்ல கோச்சுக்குவாங்கன்னு. எந்த வீடு தம்பி கோச்சுக்கும்? இந்த மாதிரி சுண்ணாம்பு வீடா, அடுக்குமாடியா?"

மகிழினி இந்த முறை அடக்கவில்லை. ஆதிரனுக்குக் காது சிவந்தது.

"அது பேச்சு வழக்கு மேடம்."

"அவரும் பேசித்தானே ஒப்புதல் குடுத்தாரு? எழுதியா குடுத்தாரு?" அவர் என் பக்கம் திரும்பினார். "சார், நாப்பது வருஷம் அந்த மனுஷன் என் பேரைச் சொல்லி யார்கிட்டயும் பேசினதில்ல. வீட்ல ஊருக்குப் போயிருக்காங்க. வீட்ல கேட்டுச் சொல்றேன். வீட்ல உடம்பு சரியில்ல. நான்தான் சார் வீட்ல. வீட்ல தெரிஞ்சா போதும்னா, எனக்குத் தெரிஞ்சா போதும்னு அர்த்தம். தனக்கு வேண்டாம், அவளுக்குத் தெரியட்டும்னு சொல்லியிருக்காரு. உங்க மெஷினு அதைப் புரிஞ்சுக்காம அவர் கண்ணையே எடுத்துப் பதிஞ்சு வெச்சுடுச்சு."

"அப்படி அர்த்தம் எடுத்தா ஆளு எங்க போனாலும் மலை கூடவே போகணும் சார்" என்றார் ஆதிரன். "தெருவுல நின்னாலும், கடைல நின்னாலும். கோட்டுக்குள்ள எங்க இருந்தாலும் சுவர் இவங்களைத் தேடணும்."

"தேடட்டுமே. என் லாரி நாமக்கல் வரைக்கும் போய்த் தேடுது."

பதிவை இன்னொரு முறை ஓடவிட்டேன். பிறகு எழுந்து ஜன்னலருகே போய் நின்றேன். பின்னால் மூவரும் காத்திருந்தார்கள். மொழி ஒரு விசித்திரமான வீடு என்று நினைத்துக்கொண்டேன். ஒரே வாசல் வழியாக ஒருவர் மனைவியிடம் போகிறார், இன்னொருவர் சுவரிடம் போகிறார். அந்த மனிதர் யாரிடம் போனார் என்பதில் எனக்கு அதிகச் சந்தேகமில்லை. நாற்பது வருடப் பழக்கத்துக்கு ஒரு கணத்தில் இலக்கணம் மாறிவிடாது.

"வீட்ல என்பது மனைவியைக் குறிக்கும்" என்று திரும்பிச் சொன்னேன். "காட்சி உரிமை ஹேமப்பிரியாவுக்கு."

ஹேமா அம்மாள் தலையை ஆட்டினார். வெற்றி பெற்றவர்போல் இல்லை. அடுத்த சரக்கை ஏற்றப் போகிறவர்போல் இருந்தது.

"அப்ப மலை என்னோடது. எப்ப வேணும், எப்ப வேண்டாம்னு நான் சொல்லலாமா சார்?"

"ஆளுக்குரிய உரிமையை அந்த ஆள் விட்டுக்கொடுக்கலாம். முழுசாகவும், நேரத்துக்கும்."

"சரி. காலைல நான் காபி குடிச்சு முடிக்கற வரைக்கும் மலை. அப்புறம் நான் பாலக்கரை போயிடுவேன். ஆளே இல்லாத ஜன்னலுக்கு எதுக்கு வரைஞ்சுக்கிட்டிருக்கணும்? பலகையைப் பூராத் திறந்து விடுங்க. மறுநாள் விடியக்காலை மூடினாப் போதும். ஞாயித்துக்கெழமை எப்படின்னு மகிழினிகிட்டக் கேட்டுச் சொல்றேன்."

ஆதிரன் நிமிர்ந்தார். "மேடம், பகல்ல எல்லாத்தையும் திறந்தா நகரத்துக்கு நடுவுல ஒரே ஜன்னலாத் தெரியும். துணி காயும். கட்டடத்தோட தோற்றம்…"

"மனுஷங்க இருக்கற எடத்துல ஜன்னல் தெரிஞ்சா அசிங்கமா தம்பி? உங்களுக்குச் சாப்பாட்டு நேரம் ஆச்சு. கெளம்புங்க, வீட்ல தேடும்."

ஆதிரன் சிரித்துவிட்டார். நல்ல பையன்தான். கைகூப்பிவிட்டு இறங்கிப் போனார். மகிழினி ஹேமா அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "போடி, போய் அந்தப் பலகை திறக்குதான்னு பாரு. துரு ஏறியிருக்கப் போவுது. அரைநாள் லீவுதான், முழுநாள் கெடையாது" என்று அவளை அனுப்பிவைத்தார்.

நானும் அவரும் மட்டும் இருந்தோம். உத்தரவு என் கருவியில் தயாராக இருந்தது. நான் கட்டைவிரல் வைத்தால் அமலுக்கு வந்துவிடும்.

"விரல் வெக்கறதுக்கு முன்னாடி அதை இன்னொரு தடவை போடுங்க சார்" என்றார். "கேசுக்கு இல்ல. எனக்கு."

ஓடவிட்டேன். மின்விசிறி. மௌனம். அந்தச் சின்னச் சத்தம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"இது என்ன சத்தம்னு நெனைக்கிறீங்க?"

"தொண்டையைச் சரி செய்கிறார் என்று நினைத்தேன்."

"பயந்தா அவரு இப்படித்தான் சிரிப்பாரு. என்னைக் கேக்காம ஒரு தடவை பழைய காரு வாங்கிட்டு வந்து நின்னப்ப இதே சிரிப்பு. சரி, இப்ப இந்தச் சிரிப்போட சேத்து அந்த வார்த்தையைச் சொல்லிப் பாருங்க."

நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு, பள்ளிக்கூடத்தில் மதிற்சுவர் ஏறிக் குதிக்கச் சொன்ன நண்பனிடம் நான் சொன்னது காதில் விழுந்தது. அப்பாவுக்குத் தெரிஞ்சா போதும். தெரிந்தால் அவ்வளவுதான், தொலைந்தேன்.

ஹேமா அம்மாளைத் திரும்பிப் பார்த்தேன்.

"வீட்ல தெரிஞ்சா போதும், தோலை உரிச்சுடுவா" என்று அவரே முடித்தார். "இதான் சார் சொல்ல வந்தாரு. பாதி சொல்லி மூச்சு வாங்கறதுக்குள்ள அந்த மெஷினு நன்றின்னுடுச்சு. அவரு சம்மதமே குடுக்கல. தனக்குள்ள முனகினாரு, அவ்வளவுதான். அப்புறம் என்கிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு, கம்பெனிக்காரன் எப்படியோ கட்டிட்டான்னு கடைசிவரைக்கும் சாதிச்சாரு. கன்னத்தோட கன்னம் வெச்சு நின்னதும் அந்தப் பயத்துலதான். அதுல கொஞ்சம் பிரியமும் இருந்திருக்கும். நான் பிரிச்சுப் பாக்கப் போறதில்ல."

"இது உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்?"

"புகார் குடுக்க வந்தப்ப பதிவை முதல்ல கேட்ட அன்னிக்கே."

"விசாரணையில் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்ன பண்ணுவீங்க? ஒப்புதல் இல்லன்னு எழுதுவீங்க. பதினாலாவது மாடி, அதுக்கு மேல கீழ எல்லாத்தையும் அறுத்து எறக்குவீங்க. எனக்கு நெச மலையே வந்துடும், கோணாம. அந்தப் பொண்ணு எங்க போவா? அவளை மாதிரி எத்தனை பேரு அங்க. அவங்க போனா, அந்த எடத்துல நான் மலையைப் பாத்துக்கிட்டு காபி குடிக்கணுமா?"

என் கையில் இருந்த உத்தரவில், இறந்துபோன ஒரு மனிதர் தன் மனைவிக்காக மலையைக் கேட்டார் என்று எழுதியிருந்தது. அவர் கேட்கவில்லை என்பது இப்போது எனக்குத் தெரியும். உண்மையைக் கண்டு எழுதுவதற்காகத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அந்த உண்மைக்கு அறுக்கும் இயந்திரத்தின் சத்தம் இருந்தது. இந்தப் பொய்யை எழுதினால் சில ஜன்னல்கள் திறக்கும்.

"என்னிடம் ஏன் சொன்னீர்கள்?" என்று கேட்டேன். "நான் இப்போதுகூட மாற்றலாம்."

"தெரியும். மாத்தணும்னா மாத்துங்க, நான் தடுக்க மாட்டேன்." அவர் குரலில் கெஞ்சல் இல்லை. "ஒரு ஆள்கிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு. நீங்க வந்ததுலேருந்து பாக்கறேன், பேசவே மாட்டேங்கறீங்க. அந்த மாதிரி ஆளோட நாப்பது வருஷம் இருந்திருக்கேன். உங்களை எல்லாம் எனக்குப் புரியும்." கொஞ்சம் நிறுத்தினார். "இன்னொண்ணும் இருக்கு. அவரு எனக்குன்னு ஒரு புடவைகூடக் கடைக்குப் போயி கேட்டு வாங்கினதில்ல சார். இந்த உத்தரவுல மலையைக் கேட்டாருன்னு இருக்கும். அரசாங்க முத்திரையோட. அது அப்படியே இருக்கட்டுமே."

வெளியே தென்னை ஓலைகள் அசைந்தன. கீழே தெருவில் யாரோ ஆளில்லா ஆட்டோவை வழிவிடச் சொல்லித் திட்டினார்கள். ஹேமா அம்மாள் அவசரப்படுத்தவில்லை.

கட்டைவிரலை வைத்தேன்.

தூரத்தில் சாம்பல் பரப்பு ஒருமுறை நடுங்கி உயிர்பெற்றது. ஹேமா அம்மாள் ஜன்னலுக்குப் போனார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். என்ன பார்த்தார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் நின்ற இடத்திலிருந்து பாறை இரண்டாகப் பிளந்து, கோயில் ஒரு பக்கமாகக் கவிழ்ந்து தொங்கியது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் கடைசியில். "நான் இன்னும் கொஞ்ச நேரம் நிக்கறேன். நீங்க கதவைச் சாத்திட்டுப் போங்க சார்."

இறங்கிச் சாலை ரோட்டை நோக்கி நடந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தப் பாறை எனக்கு வேறுவேறு விதமாகக் கோணியது. வேறொருவருடைய கண்ணுக்கு எழுதிய கடிதத்தைத் தோளுக்கு மேலாக எட்டிப் படிப்பதுபோல் இருந்தது. கட்டடத்தை நெருங்கும்போது சுவர் வரைந்த மலையின் நடுவயிற்றில், பதினாலாவது மாடியில், ஒரு பலகை முக்கி முனகித் திறந்துகொண்டது. உள்ளேயிருந்து இரண்டு கைகள் வெளியே வந்து ஒரு போர்வையை உதறின. அதிலிருந்து கிளம்பிய தூசி, வெயிலில், எனக்கும் நேராகவே தெரிந்தது.